பினாங்கிலிருந்து ஜான்ஜுசீட்டஸைப் படிக்கத் தொடங்குவோருக்கு: ஆவணம், செலவு, காலம்

அழிந்துபோன திமிங்கலம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்ட தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காகவும், அதே தலைப்பில் ஆய்வேடு எழுத முனையும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காகவும், ஓய்வு நேரத்தில் தொல்லுயிரியல் படிக்க விரும்பும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது எந்தக் கதவை முதலில் தட்டுவது, எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஆளில்லாமல் வெகுவாக அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டியதில்லை.

நான் படித்தது ஜான்ஜுசீட்டஸ் என்னும் பேரினம் (நெருங்கிய இனங்களை ஒன்றாகச் சேர்க்கும் தொகுதி). சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய ஆஸ்திரேலியாவின் தென்கடலில் வாழ்ந்த, உடல் சிறுத்த, பல் உள்ள, ஆனால் பலீன் திமிங்கலங்களின் (பல்லுக்குப் பதில் வாயில் தொங்கும் தகடுகளால் நீரை வடிகட்டி உண்பவை) குலத்தைச் சேர்ந்த விலங்கு அது. மலேசியாவில் இருந்துகொண்டு படிப்பதற்கு இதைவிட ஏற்ற பேரினம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதன் எலும்புகள் மெல்பர்னில் உள்ளன, அடிப்படைக் கட்டுரை இலவசமாகக் கிடைக்கிறது, படிக்க வேண்டிய நூற்பரப்பும் அளவோடு இருக்கிறது.

1. முதலில் மாதிரியின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொல்லுயிர்ப் பேரினம் ஒன்றைப் பற்றி எழுதப்படும் எல்லாமே ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் இருக்கும் சில எலும்புகளை நம்பியே நிற்கின்றன. ஆகவே படம், கட்டுரை, அச்சுக் கோப்பு, வார்ப்பு என எது உங்கள் கைக்கு வந்தாலும், அது எந்த எலும்பைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள். ஜான்ஜுசீட்டஸ் ஹண்டெரி என்ற இனத்தின் மூலமாதிரிக்கு, அதாவது இனத்துக்குப் பெயரிட அடிப்படையான எலும்புகளுக்கு, மெல்பர்னில் உள்ள விக்டோரிய அருங்காட்சியகம் இட்டுள்ள எண் என்எம்வி பி216929. இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்; கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இது தேவைப்படும்.

இப்பேரினத்தில் இப்போது இரண்டு இனங்கள் உள்ளன. ஹண்டெரி 2006இல் விவரிக்கப்பட்டது. டல்லார்டி என்னும் இரண்டாவது இனம், 2019இல் கண்டெடுக்கப்பட்ட இளம் விலங்கொன்றின் மண்டையோட்டுப் பகுதியையும் பற்களையும் செவி எலும்புகளையும் கொண்டு 2025இல் விவரிக்கப்பட்டது. இணையத்தில் உள்ள பல பக்கங்கள் இன்னும் ஒரே இனம் என்றே சொல்கின்றன. தேதி பார்க்காமல் அவற்றை மேற்கோள் காட்டினால் கண்காட்சியில் விவரமறிந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இராது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: பத்துமலைக் குகைப் பாறையில் திமிங்கலப் புதைபடிவம் தேடிப் பயனில்லை. கோலாலம்பூர்ச் சுண்ணாம்புக்கல் சிலூரியன் காலத்தது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்போது திமிங்கலம் மட்டுமல்ல, பாலூட்டி எதுவுமே உலகில் இல்லை.

2. கட்டுரைகளைப் பெறுதல்: எதற்குப் பணம், எது இலவசம்

தொல்லுயிரியலாளர் எரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2006இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உயிரியல் இதழில் எழுதிய அறிமுகக் கட்டுரைதான் தொடக்கம். அது இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. துணைக் கோப்பு தனியாக இருக்கும். அதையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கீழ்த்தாடையைப் பற்றி அவரே 2012இல் எழுதிய சிறு கட்டுரையைப் படியுங்கள். மூன்றாவதாக, மம்மலோடோன் என்னும் உறவுப் பேரினத்தை விரிவாக ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிக்க வேண்டும். 2006இல் ஜான்ஜுசீட்டஸுக்கென்று தனிக் குடும்பம் அமைக்கப்பட்டது. 2010இல் அது மம்மலோடோன்டிடே குடும்பத்துக்குள் சேர்க்கப்பட்டது. முதல் கட்டுரையோடு நிறுத்திக்கொள்பவர்கள் பழைய குடும்பப் பெயரையே பலகையில் எழுதிவிடுகிறார்கள்.

கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரையைக் கடன் அட்டை கொண்டு வாங்காதீர்கள். ஒரே ஒரு கட்டுரைக்கு நூறு ரிங்கிட்டைத் தாண்டும் தொகை கேட்பார்கள். சில வேளைகளில் ஒரு நாள் அனுமதிதான் தருவார்கள். கட்டுரையாசிரியருக்கு நான்கு வரியில் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் அனுப்பிவைக்கிறார்கள். ஒரு வாரம் காத்திருந்து, பதில் வராவிட்டால் மட்டும் ஒரு முறை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது வழி பல்கலைக்கழக நூலகம். பினாங்கில் இருப்பவர்களுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகமும், தலைநகரில் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் பொருத்தமானவை. வெளியார் உறுப்பினர் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய இதழின் பெயரைச் சொல்லி, அதன் மின்பதிப்பு வெளியாருக்குத் திறந்திருக்குமா என்று முகப்பில் கேட்டுவிடுங்கள். உறுப்பியம் அச்சு நூல்களுக்கு மட்டும் என்ற விவரம், பணம் கட்டிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

படிப்பதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். முதல் வாசிப்பில் பாதிக்கு மேல் புரியாது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

3. பல் இருக்கிறதே, பிறகு எப்படிப் பலீன் திமிங்கலம்?

இந்தக் கேள்விக்கு உங்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு விலங்கை எந்தக் குலத்தில் வைப்பது என்பது வாயில் பலீன் தகடு தொங்குகிறதா என்பதைக் கொண்டு முடிவாவதில்லை. மண்டையோட்டு எலும்புகளின் அமைப்பும் அவை காட்டும் வழித்தோன்றலும்தான் அதை முடிவு செய்கின்றன. ஜான்ஜுசீட்டஸின் மேல்தாடை, பலீன் குலத்துக்குரியபடி அகன்றிருக்கிறது. ஆனால் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்முனையில் நெடுக இறுகப் பொருந்தியிருக்கின்றன. இது இன்னும் பழைய திமிங்கலங்களின் அமைப்பு. இன்றைய பலீன் திமிங்கலங்களில் அந்த இணைப்பு தளர்ந்திருப்பதால்தான் அவற்றால் வாயை அவ்வளவு பெரிதாக விரிக்க முடிகிறது. ஆக, மேல்தாடை முதலில் அகன்றது, கீழ்த்தாடை பின்னரே தளர்ந்தது என்ற வரிசை இந்த ஒரு விலங்கில் தெரிகிறது. எனக்கு இந்த விலங்கின் மேல் இவ்வளவு பற்று ஏற்படக் காரணம் இதுதான்.

குட்டையான அகன்ற முகம், மிகப் பெரிய கண்கள், உறுதியான கூரிய பற்கள் ஆகியவற்றை வைத்து, அது நீரை வடிகட்டி உண்ணவில்லை, இரையைப் பிடித்து உண்டது என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் வாதிட்டார். இன்றைய சிறுத்தைக் கடல்நாயோடு அதை ஒப்பிட்டார். பண்டைய திமிங்கலங்களின் பற்கள் வடிகட்டப் பயன்பட்டிருக்க இயலாத அளவுக்குக் கூர்மையானவை என்று 2017இல் வெளியான பற்கூர்மை ஆய்வும் காட்டியது.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. விவரிக்கப்பட்டவற்றுள் மிகப் பழைமையான அமைப்புடையது என்று 2006இல் சொல்லப்பட்டதை இன்றும் அப்படியே எழுதுவது ஒன்று. பெருவில் கிடைத்து 2017இல் விவரிக்கப்பட்ட மிஸ்டகோடோன் சுமார் 3.6 கோடி ஆண்டுகள் பழைமையானது. ஜான்ஜுசீட்டஸைவிட ஒரு கோடி ஆண்டுக்கு மேல் மூத்தது. ஓவியர்கள் வரைந்த தோல் நிறத்தையும் வால் மடலையும் சான்றாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. வால் மடலில் எலும்பு கிடையாது, நிறம் கல்லில் பதிவாகவில்லை. அவை ஓவியரின் ஊகம் என்று உங்கள் பலகையிலேயே குறிப்பிடுங்கள்.

4. ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான எலும்பு

கட்டுரைப் படங்களை மட்டும் பார்த்து மண்டையோட்டைப் புரிந்துகொள்வது கடினம். மலேசியாவில் பலீன் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் லாபுவான் கடல்சார் அருங்காட்சியகம் போகலாம். மலாக்காவுக்கு அருகே 1892இல் கரையொதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு, சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 1974இல் மலேசியாவுக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் அங்கே சேர்ந்தது. மலேசியக் குடிமக்களுக்கு மைகாட் அடையாள அட்டை போதும்; கடப்பிதழ் தேவையில்லை. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, அந்தக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் அங்கே உள்ளது 2015இல் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கலம், 10.6 மீட்டர் நீளம். பல் இருப்பதால் அதை ஜான்ஜுசீட்டஸுக்கு நெருங்கிய உறவு என்று நினைத்துவிடாதீர்கள். அது பல் திமிங்கலக் குலம். அதன் மண்டையோடு இடமும் வலமும் சமமில்லாமல் இருக்கும். வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள அது மிக நல்ல மாதிரி, ஒற்றுமையைத் தேட உதவாது.

பினாங்குக் கடற்கரையிலோ லங்காவியிலோ கரையொதுங்கிய திமிங்கலத்தின் எலும்பை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். திமிங்கலங்கள் 1999ஆம் ஆண்டு மீன்வள ஒழுங்குமுறைகளின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எழுத்துவழி அனுமதி இல்லாமல் எடுப்பதும் வைத்திருப்பதும் வாங்குவதும் குற்றம். கண்டால் தொடாமல் மீன்வளத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

5. மாதிரி செய்தல்: நகல்கடையே போதும்

முப்பரிமாண அச்சு இல்லாமல் மாதிரி செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளி அளவுக்கு, கட்டுரைப் படங்களைப் பெரிதாக்கிச் செய்யும் அட்டை மாதிரி செலவு குறைந்தது, நேர்மையானதும்கூட.

படத்தின் ஓரத்தில் அளவுக்கோடு ஒன்று இருக்கும். அது எத்தனை சென்டிமீட்டரைக் குறிக்கிறது என்று விளக்கக் குறிப்பில் பாருங்கள். படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, அந்தக் கோட்டை அளவுகோலால் அளந்து, உண்மை நீளத்தை அச்சில் வந்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 10 சென்டிமீட்டரைக் குறிக்கும் கோடு உங்கள் தாளில் 2.5 சென்டிமீட்டர் இருந்தால், 400 விழுக்காடு பெரிதாக்க வேண்டும். பெரும்பாலான நகல் இயந்திரங்கள் ஒரே முறையில் இவ்வளவு பெரிதாக்கா. 200 விழுக்காடு வீதம் இரண்டு முறை செய்து, ஏ3 தாள்களாகப் பிரித்து எடுத்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு அளவுக்கோட்டை மறுபடி அளந்து 10 சென்டிமீட்டர் வருகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை அணைத்துவிடச் சொல்லுங்கள். அது அளவை ஓசையின்றி மாற்றிவிடும்.

மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, அடியிலிருந்து என மூன்று கோணப் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நெகிழிநுரைப் பலகையில் வெட்டி அடுக்கி, மேலே காகிதக்கூழ் பூசினால் மண்டையோட்டின் வடிவம் வந்துவிடும். பலகை, பசை, காகிதம், வண்ணம், நகல் எல்லாம் சேர்த்து நூறு ரிங்கிட்டுக்குள் முடிக்கலாம். உலர்வதற்கு நாள் பிடிக்கும். மழைக்காலமாக இருந்தால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைப் படத்தைச் சொந்தப் படிப்புக்குப் பயன்படுத்துவது வேறு, பொதுக் கண்காட்சிப் பலகையில் ஒட்டுவது வேறு. பின்னதற்கு வெளியீட்டாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். கல்வி நோக்கம், இலாபமில்லை, ஒரே இடம், இன்ன தேதிகள் என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இதை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

முப்பரிமாண அச்சுதான் வேண்டும் என்றால், கோப்பு எந்தப் பதிவு எண்ணை ஒளிவருடிச் செய்யப்பட்டது என்று முதலில் பாருங்கள். எண் இல்லாத கோப்பு பெரும்பாலும் யாரோ கணினியில் கற்பனையாகச் செதுக்கியது. உரிமக் குறிப்பும் இருக்க வேண்டும். அச்சுக்கடைகள் கிராம் கணக்கிலும் மணிக்கணக்கிலும் விலை சொல்வதால், முழு அளவுக்குப் போகுமுன் கால் அளவு மாதிரிக்கு எழுத்தில் விலை கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வார்ப்பு வாங்குவோருக்கு: இணையவழி வாங்கும் 500 ரிங்கிட் வரையிலான இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, பதிவு பெற்ற விற்பனையாளர் அதை விலையோடு சேர்த்தே வாங்கிவிடுவார். அதற்கு மேற்பட்ட விலையென்றால் சுங்கத் துறை தனியாகக் கணக்கிடும், அஞ்சல் நிறுவனமும் கையாளும் கட்டணம் கேட்கும். மிக முக்கியமானது விலைப்பட்டியலில் எழுதப்படும் பொருள் விவரம். 'திமிங்கல எலும்பு' என்று எழுதப்பட்ட பொதி, அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் நிறுத்தி வைக்கப்படலாம். 'பிசின் நகல், இயற்கை எலும்பு அன்று' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும்படி விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. மெல்பர்னில் எலும்பையே பார்க்க

இது எல்லாருக்கும் தேவையில்லை. ஆய்வேடு எழுதுபவர்களும் எலும்பை நேரில் அளக்க வேண்டிய காரணம் உள்ளவர்களும் மட்டும் இதை முயலுங்கள். மற்றவர்கள் மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் பொதுக் கூடங்களைப் பார்த்தாலே நிறைவாக இருக்கும். பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமில்லை.

முதலில் கடிதம், பிறகு பதில், அதன் பிறகே சீட்டு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. மூலமாதிரிகளை ஆய்வுத் தேவைக்கு மட்டுமே எடுத்துக் காட்டுவார்கள். அவை ஆய்வுக்காக வேறு இடத்திலும் இருக்கக்கூடும். நினைத்த பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன் முதுகெலும்புத் தொல்லுயிர்த் தொகுப்பின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் யார், எந்தப் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும், எந்தெந்த அளவுகளை எடுப்பீர்கள், அவை கட்டுரையில் ஏன் கிடைக்கவில்லை, படம் எடுப்பீர்களா, அதை எங்கே பயன்படுத்துவீர்கள், வரக்கூடிய இரண்டு தேதிகள் எவை என்பவற்றை ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். பள்ளித் தலைமையாசிரியர் அல்லது பல்கலைக்கழக மேற்பார்வையாளர் கடிதத் தாளில் கொடுத்த அறிமுகத்தை இணையுங்கள். மூலமாதிரி கிடைக்காவிட்டால் அதன் வார்ப்பைப் பார்க்கவும் தயார் என்று ஒரு வரி சேர்த்தால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆங்கிலம் எளிமையாக இருக்கட்டும். அலங்காரம் எதுவும் தேவையில்லை. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதி வரை பலர் விடுப்பில் இருப்பார்கள். நம் ஆண்டிறுதி விடுமுறையைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுவோர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அனுமதி வந்த பிறகு பயண ஆவணங்கள். மலேசியக் கடப்பிதழ் ஐந்தாண்டுக்கு 200 ரிங்கிட். பயண நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் ஆஸ்திரேலிய அரசின் இடிஏ (மின்வழிப் பயண அனுமதி) செயலி வழியாகத் திறன்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். இதற்காகவே பல இடைத்தரகர் தளங்கள் அரசுத் தளம்போன்ற தோற்றத்தில் இயங்கிப் பல மடங்கு பணம் வாங்குகின்றன; செயலியைத் தவிர வேறெங்கும் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள். சிவப்பு அடையாள அட்டையோடு இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இடிஏ பொருந்தாது. அவர்கள் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் அதிகம் என்பதால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

கோலாலம்பூரிலிருந்து மெல்பர்னுக்கு நேரடி விமானம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். பினாங்கிலிருந்து போவோர் இணைப்பு விமானத்துக்குப் போதிய இடைவெளி விடுங்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டு மணி, கோடையில் மூன்று மணி முன்னே ஓடும். காலை ஒன்பது மணிச் சந்திப்புக்கு முந்தைய நாளே போய்ச் சேர்வது நல்லது.

தொகுப்பறையில் பென்சில் மட்டும் பயன்படுத்துங்கள். நெகிழி முனை கொண்ட வெர்னியர் அளவி, துணி நாடா, அளவுகள் நிரப்ப முன்பே கோடிட்ட தாள் ஆகியவை போதும். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்து மூன்றையும் எழுதுங்கள். எலும்பை நீங்களாகத் தூக்காதீர்கள். திருப்பி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

7. ஜான் ஜுக் கடற்கரைக்குப் போனால்

மெல்பர்னிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், டோர்கி ஊரை ஒட்டி ஜான் ஜுக் இருக்கிறது. வாடகைக் காரில் ஒரு நாளில் போய்வரலாம். செங்குத்துப் பாறைச் சரிவுகள் இடிந்து விழுபவை. அடிவாரத்தில் நிற்காதீர்கள், நீர்வற்று நேரத்தை முன்னரே பார்த்துப் போங்கள். அனுமதியில்லாமல் எதையும் தோண்ட வேண்டாம். புதைபடிவத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே கொண்டுவருவதை 1986ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சிறு துண்டை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்வதும் உங்களைச் சிக்கலில் தள்ளும். எதையாவது கண்டால் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். இரண்டு இனங்களும் கடற்கரையில் அவற்றைக் கண்டெடுத்த பொதுமக்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன.

8. விளக்க அட்டை

மாதிரியின் கீழே வைக்கும் அட்டையில் ஐந்து விவரம் போதும்: இனத்தின் பெயர், காலம், கிடைத்த இடம், பதிவு எண், நீங்கள் செய்ததில் எது எலும்புச் சான்று, எது ஊகம். தமிழில் இப்படி எழுதலாம்: "ஜான்ஜுசீட்டஸ் ஹண்டெரி. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன். ஜான் ஜுக், விக்டோரியா, ஆஸ்திரேலியா. விக்டோரிய அருங்காட்சியக மாதிரி என்எம்வி பி216929இன் வெளியிடப்பட்ட படங்களைக் கொண்டு செய்தது. மண்டையோட்டின் வடிவம் சான்றின்படி, நிறம் ஊகம்." படத்துக்கு அனுமதி பெற்றிருந்தால், அனுமதிக் கடிதத்தில் கேட்ட சொற்களை மாற்றாமல் அட்டையின் அடியில் சேருங்கள். மெல்பர்னில் எடுத்த அளவுகளின் நகலை, ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள், நன்றிக் கடிதத்தோடு தொகுப்புப் பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்; உங்களுக்குப் பின் அதே எண்ணைக் கேட்டு எழுதப்போகும் மாணவருக்கு அவர் அதைக் கொடுக்க முடியும்.